பாறு கழுகுகள்: மாயாற்றுப் பக்கத்து ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில், சில வருஷங்களாகப் பாறு கழுகுகளைப் பற்றிப் பேசி வருகிறேன். பால் சொசைட்டி வாசல், பள்ளிக்கூடம், டீக்கடை என்று எங்கே போனாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. பாறுன்னா என்னங்க? கழுகா, பருந்தா?

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்வது இதைத்தான். பழைய தமிழில் இதற்குப் பாறு, எருவை என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. 'பிணந்தின்னி' என்றதுமே முகம் சுளிக்கும் பிள்ளைகள், 'பாறு' என்றால் அது என்ன என்று கேட்கிறார்கள். அதனால் நான் அந்தப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டேன்.

கழுகு வேட்டையாடும். பாறு, செத்துக் கிடப்பதைத் தின்னும். அதன் கால் விரல்களுக்கு இரையைப் பற்றித் தூக்கும் வலு கிடையாது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிடும், குழந்தையைக் கொத்திவிடும் என்ற பயமே வேண்டாம். தலையும் கழுத்தும் மொட்டையாக இருப்பதும் காரணத்தோடுதான்: செத்த மாட்டின் வயிற்றுக்குள் கழுத்துவரை விட்டுத் தின்னும் பறவைக்கு அங்கே இறகு இருந்தால் இரத்தமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நம் பக்கம் நான்கு வகை உண்டு. வெண்முதுகுப் பாறுதான் அதிகம். கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை இடுக்குகளில் கூடு வைக்கும். செந்தலைப் பாறு பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். நான்காவது மஞ்சள்முகப் பாறு, உருவத்தில் சிறியது, இப்போது அபூர்வம். முதல் மூன்றும் உலக அளவில் மிக அருகிப்போன பறவைகளின் பட்டியலில் இருக்கின்றன. மஞ்சள்முகப் பாறு அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது.

2. எங்க தாத்தா காலத்துல ஊரெல்லாம் இருந்துச்சுங்கறாங்க. நெசமா?

நிஜம்தான். ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். மாடு செத்தால் ஊருக்கு வெளியே கொண்டு போய்ப் போடுவார்கள், மறுநாள் போனால் எலும்புதான் கிடக்கும் என்று சொல்வார்கள். 1980களில் வெண்முதுகுப் பாறு உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த பெரிய ஊனுண்ணிப் பறவை என்று கணித்தார்கள். இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தன.

1992க்கும் 2007க்கும் நடுவில் அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. 99.9 சதவீதம் போய்விட்டது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் சுமார் 97 சதவீதம் குறைந்தன. இவ்வளவு வேகமாக ஒரு பறவை மறைந்ததற்கு உலகில் உதாரணங்கள் மிகக் குறைவு. இன்று தமிழ்நாட்டில் இவை கூட்டமாகக் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடம் என்று சொன்னால், அது இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். இதைச் சேர்ந்தாற்போல் இருக்கும் பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு காடுகளிலும் இருக்கின்றன.

3. செத்ததைத் திங்கிற பறவைதானே, போனா நமக்கென்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பிப்ரவரி மாதம், சீகூர் பக்கம் ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. தூரத்து மேட்டில் உட்கார்ந்து காலை முழுக்கக் காத்திருந்தோம். வெயில் ஏறி, காற்று சூடாகி மேலே எழும் நேரத்தில்தான் பாறுகள் கிளம்பும். பத்து மணி சுமாருக்கு ஒரு செந்தலைப் பாறு ஜோடி வந்து தள்ளி நின்றது. அப்புறம் வானத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. இறக்கையை மடித்துக் கீழே விழுவதுபோல வெண்முதுகுப் பாறுகள் இறங்கின. அந்தச் சத்தம், கெட்டித் துணியைக் கிழிப்பது போல இருந்தது. சீறலும் உறுமலும் தள்ளுமுள்ளுமாக ஒரு மணி நேரம். பிறகு எழுந்து போய் ஆற்றில் குளித்துவிட்டு, பாறைமேல் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்தன. நாங்கள் கிட்டே போய்ப் பார்த்தபோது தோலும் எலும்பும்தான். நாற்றம்கூட அவ்வளவாக இல்லை.

பாறின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) போன்ற நோய்க் கிருமிகளும் அங்கே தப்பிப்பது கடினம். பாறு இல்லாத ஊரில் அதே பிணம் நாட்கணக்கில் அழுகும். தண்ணீரில் கலக்கும். தெருநாய்கள் அதைத் தின்று பெருகும். நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாறுகள் முன்பு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது 2024இல் வெளியான அவர்களுடைய கணிப்பு. நஷ்டம் என்ன என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

4. செல்போன் டவர்தானே காரணம்? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

இல்லை. இந்தியாவில் செல்போனில் முதல் அழைப்பே 1995இல்தான் போனது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அது பெரிய நகரங்களைத் தாண்டவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கொத்துக் கொத்தாகக் குறைவதை விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் பதிவு செய்தது 1990களின் நடுவில். டவரே இல்லாத கிராமங்களிலும் அதே வேகத்தில் குறைந்தன. பூச்சிமருந்து, ஏதோ வைரஸ் என்று பல சந்தேகங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரின் குழு, செத்து விழுந்த வெண்முதுகுப் பாறுகளை அறுத்துப் பார்த்தது. பலவற்றின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அப்படி இறந்த 25 பறவைகளைச் சோதித்தபோது 25இலும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் இது வெளியானது. இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம்.

5. மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகை எப்படிக் கொல்லும்?

டைக்ளோஃபினாக் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்து. மூட்டுவலிக்கு நமக்கும் கொடுப்பார்கள். 1990களில் இது மாட்டுக்கும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. நொண்டுகிறதா, காய்ச்சலா, மடிநோயா, எதற்கும் ஓர் ஊசி. மாட்டுக்கு அது கெடுதல் செய்யவில்லை. ஆனால் ஊசி போட்ட சில நாளில் அந்த மாடு நோய் முற்றி இறந்துவிட்டால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இறைச்சியிலும் தங்கியிருக்கும். பாறின் உடம்பால் அந்த மருந்தை வெளியேற்ற முடியாது. சிறுநீரகம் கெட்டு, ஓரிரு நாளில் சோர்ந்து உட்கார்ந்து, மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகும்.

பாறுகள் தனியாகச் சாப்பிடாது என்பது இதில் பெரிய சோகம். ஒன்று இறங்குவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று பல மைல் தூரத்திலிருந்து வந்து சேரும். ஒரு மாட்டின் உடலில் நாற்பது, ஐம்பது பறவைகள் விருந்துண்ணும். அந்த ஒரு மாட்டில் மருந்து இருந்தால் அத்தனையும் போகும்.

6. நூறு மாட்டுல ஒண்ணுக்குப் போட்டாக்கூட ஆபத்தா?

ஆபத்துதான். நாட்டில் இவ்வளவு பாறுகள் அழிய எத்தனை பிணங்களில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 130 பிணத்துக்கு ஒன்று முதல் 760க்கு ஒன்று வரை இருந்தாலே போதும் என்று வந்தது. அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட வேண்டியதில்லை. மேலே 5இல் சொன்ன கூட்டுச் சாப்பாடுதான் இதற்குக் காரணம்.

'எல்லாரும் போடுறாங்க, நான் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போகுது' என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இந்தக் கணக்கைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒருவர் போட்டாலே கெடும் என்றால், ஒருவர் நிறுத்துவதற்கும் அதே அளவு பலன் உண்டு.

7. அதைத்தான் 2006லயே தடை பண்ணிட்டாங்களே, இன்னும் என்ன பிரச்சினை?

மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடையானது உண்மை. ஆனால் மனிதர்களுக்கான ஊசி மருந்து கடையில் இருந்துகொண்டே இருந்தது. அதுவும் 30 மில்லி பெரிய குப்பியில். மனிதருக்கு ஒரு தடவைக்கு வேண்டியது 3 மில்லிதான். அப்படியென்றால் 30 மில்லிக் குப்பி யாருக்காக? மாட்டுக்காகத்தான். 'விலங்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று மேலே அச்சடித்திருக்கும். அந்த எழுத்து உள்ள குப்பியே மாட்டுக் கொட்டகையில், சாணத்துக்குப் பக்கத்தில் கிடப்பதை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அதனால் 2015இல் பல தடவை பயன்படுத்தும் பெரிய குப்பிகளைத் தடை செய்து, ஒரு தடவைக்கான 3 மில்லிக் குப்பியாக மட்டும்தான் விற்கலாம் என்றார்கள். ஒரு பெரிய மாட்டுக்குப் போட வேண்டுமானால் சிறுகுப்பிகளைப் பல எண்ணிக்கையில் உடைக்க வேண்டும். கட்டுப்படியாகாது, கையும் நோகும். இது நல்ல யோசனை.

இன்னொரு சிக்கல், டைக்ளோஃபினாக்கை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரர்களுக்கு மாறியது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்தான் வேறு. கீட்டோப்ரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். இந்த இரண்டும் மாட்டு வைத்தியத்தில் 2023இல்தான் தடையாயின. அதன் பிறகு நிமிசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. முதல் தடைக்கும் இரண்டாவது தடைக்கும் நடுவில் பதினேழு வருஷம். அத்தனை வருஷமும் பாறுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன என்பதை நினைத்தால் மனது ஆறவில்லை.

8. சரி, என் மாடு வலியில துடிச்சா நான் சும்மா பாத்துட்டு இருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். மாட்டைத் துடிக்கவிட்டுப் பாறு கழுகைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நல்லவேளையாக அப்படி ஒரு நிலைமையும் இல்லை. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று 2006இலேயே சோதித்து உறுதி செய்துவிட்டார்கள். டோல்ஃபினாமிக் அமிலமும் பாதுகாப்பானது. இரண்டும் மாட்டுக்கு நன்றாக வேலை செய்யும், நம் ஊரிலேயே கிடைக்கும்.

மாட்டு டாக்டரிடம் 'கழுகுக்கு ஆகாத மருந்து வேண்டாம் சார், மெலாக்சிகாம் போடுங்க' என்று சொன்னாலே போதும். பெரும்பாலான டாக்டர்களுக்கு இது தெரியும். சிக்கல் வருவது, டாக்டர் வர நேரமாகிறது என்று பக்கத்தில் ஊசி போடுகிறவரைக் கூப்பிடும்போதுதான். அவரிடமும் இதையே கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

9. மெலாக்சிகாம் போட்டா மாடு மெதுவாத்தான் எழுந்திரிக்குது. அந்தப் பழைய ஊசிதான் உடனே கேக்குது.

இதைப் பால்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். நான் தட்டிக் கழிக்கவில்லை. உடனே எழுந்து நிற்பதும் நோய் குணமாவதும் வேறு வேறு. வலி மருந்து எதுவாக இருந்தாலும் வலியை மறைக்கிறது, அவ்வளவுதான். மடிநோய் கிருமியால் வருகிறது. அதற்குத் தனி மருந்து வேண்டும். காலில் முள் என்றால் முள்ளை எடுக்க வேண்டும். வலி மட்டும் போனதும் மாடு மேய்ச்சலுக்குப் போய்விடும், நோய் உள்ளே இருக்கும். பிறகு ஒரு வாரத்தில் காட்டோரத்தில் விழும். 5இல் சொன்னது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

10. பாறு இருக்கறது காட்டுக்குள்ள. எங்க ஊரு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி. எங்களுக்கென்ன?

பதினைந்து கிலோமீட்டர் பாறுக்கு ஒரு தூரமே இல்லை. சூடான காற்றின்மேல் ஏறி இறக்கையை அசைக்காமலே மிதந்து, ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவிடும். மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டில் 2024இல் கருவி பொருத்தி விட்ட ஒரு பாறு, பல மாநிலங்களைக் கடந்து தமிழ்நாடு வரை பறந்து வந்தது. தெங்குமரஹாடாவில் கூடு இருந்தால், பவானிசாகருக்கும் மசினகுடிக்கும் அப்பால் கிடக்கிற மாடும் அதன் சாப்பாட்டு இலையில்தான் இருக்கிறது.

புலியைக் காக்க ஒரு காட்டுக்கு எல்லை போட்டுக் காவல் வைக்கலாம். பாறுக்கு அது போதாது. அதன் உயிர், எல்லைக்கு வெளியே இருக்கும் மாட்டுக் கொட்டகையிலும் மருந்துக் கடையிலும் இருக்கிறது. அதனால்தான் வனத்துறை ஆட்களைவிட பால் சொசைட்டியில் நான் அதிகம் பேசுகிறேன்.

11. ஒரு ஜோடி வருஷத்துக்கு எத்தனை குஞ்சு பொரிக்கும்?

ஒன்றே ஒன்று. பெரும்பாலும் நவம்பரை ஒட்டி ஒரு முட்டை வைக்கும். குஞ்சு பொரித்துப் பறக்கிறவரை தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல். ஏப்ரல் வரைக்கும் கூட்டிலேயே கழியும். அந்தக் குஞ்சு பெரிதாகித் தானே முட்டையிட ஐந்து வருஷம் ஆகும். அந்த ஒற்றை முட்டையும் சில வருஷம் தங்காது. இழந்ததை ஈடுகட்ட இவற்றால் அவசரப்பட முடியாது.

12. அப்போ கோழி மாதிரி பண்ணையில வளர்த்து விட்டுடலாமே?

முயற்சி நடக்கிறது. ஹரியானாவில் பிஞ்சோர் என்ற இடத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அந்த மாநில வனத்துறையும் சேர்ந்து இனப்பெருக்க மையம் நடத்துகின்றன. மேற்கு வங்கம், அசாம், மத்தியப் பிரதேசத்திலும் மையங்கள் உண்டு. 2020இல் பிஞ்சோரில் எட்டு வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டார்கள்.

ஆனால் 11இல் சொன்ன வேகத்தை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் பாடுபட்டு வளர்த்த பறவையை, மருந்து ஏறிய ஒரு மாடு ஓரிரு நாளில் கொன்றுவிடும். வெளியே பாதுகாப்பான சாப்பாடு இருந்தால்தான் விடுவதில் அர்த்தம். மாயாற்றில் காட்டிலேயே தானாகப் பெருகும் பறவைகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைக் காப்பதுதான் நமக்கு முதல் வேலை என்பது என் கருத்து.

13. புலி என் மாட்டை அடிச்சுப்புட்டா, ஆத்திரத்துல மருந்து வெச்சா தப்பா? நஷ்டஈடு எப்ப வரும்னே தெரியல.

ஆத்திரம் நியாயம்தான். பால் கறக்கிற மாடு போவது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போவதற்குச் சமம். நஷ்டஈட்டுக்கு அலைந்து களைத்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பத்து முறை அலுவலகம் போய்வந்த கதை அது. அந்தப் பணம் வேகமாக வந்தால் பாதி விஷம் தானாக நின்றுவிடும் என்று நம்புகிறேன். அதை அதிகாரிகளிடமும் சொல்லி வருகிறேன்.

ஆனால் விஷம் யாரையும் பார்த்துக் கொல்லாது. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அதே மாடு பாறுகள் பறக்கும் இடத்தில் கிடந்திருந்தால் ஒரு கூட்டமே போயிருக்கும். வனஉயிரினச் சட்டத்தில் இதற்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறை. மாடு அடிபட்டதும் உடலை அசைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள், மாட்டு டாக்டரிடம் சான்று வாங்குங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் விண்ணப்பம் நகரும்.

14. செத்த மாட்டைப் புதைக்கச் சொல்றீங்களா, வெளியே போடச் சொல்றீங்களா?

இரண்டும்தான், மாட்டைப் பொறுத்து. இறப்பதற்கு முந்தைய நாட்களில் எந்த வலி ஊசி போட்டார்கள் என்று தெரியாவிட்டாலோ, 7இல் சொன்ன மருந்துகளில் ஒன்று போட்டிருந்தாலோ ஆழமாகப் புதைத்துவிடுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக உறையாத இரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அதைத் தொடவோ தோல் உரிக்கவோ கூடாது. உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

மருந்தே போடாமல், கீழே விழுந்தோ முதுமையாலோ காட்டோர மேய்ச்சலில் இறந்த மாடு பாறுகளுக்கு நல்ல சாப்பாடு. அதை எங்கே போடலாம் என்று வனத்துறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா உடலையும் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட்டால் பாறு பட்டினி கிடக்கும். காட்டில் இயற்கையாக இறந்த விலங்கை எரிக்காமலும் புதைக்காமலும் அப்படியே விடச் சொல்லி நாங்கள் மன்றாடுவதும் இதனால்தான்.

15. நேபாளத்துல கழுகுக்கு ஓட்டல் வச்சிருக்காங்களாமே?

ஆமாம். 2006 முதல் அங்கே வயதான, மருந்து போடாத மாடுகளை வாங்கிக் கடைசிவரை பராமரித்து, அவை இயற்கையாக இறந்த பிறகு உடலைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள். அந்தப் பகுதி மக்களே நடத்துகிறார்கள். நேபாளத்தில் பாறுகளின் எண்ணிக்கை கொஞ்சம் தேறியதற்கு மருந்துத் தடையோடு இதுவும் ஒரு காரணம்.

நம் பள்ளத்தாக்கில் காட்டெருமையும் மானும் யானையும் நிறைய உண்டு. புலி விட்ட மிச்சமும் உண்டு. இங்கே ஓட்டலைவிட, காட்டுச் சாப்பாட்டைக் கெடுக்காமல் வைப்பதுதான் சிறந்தது. 14இல் சொன்னதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

16. கூடு எங்க இருக்குன்னு சொல்லுங்க, பிள்ளைங்களுக்குக் காட்டணும். போட்டோ எடுக்கலாமா?

கூட்டின் இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. மன்னிக்க வேண்டும். வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோரத்து நீர்மருது மரங்களில்தான் அதிகம் கூடு வைக்கும். நீர்மத்தி என்றும் சொல்வார்கள். வெள்ளைத்தண்டு கிளைவிட்டு உயர்ந்த அந்த மரங்கள் சில நூறு வருஷமாக வளர்ந்தவை. அடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் எழுந்து பறந்துவிடும். அதற்குள் ஒற்றை முட்டையைக் காக்கையோ கழுகோ கொண்டு போகும். 11இல் பாருங்கள், அந்த ஒரு முட்டைதான் அந்த வருஷத்து மொத்தம்.

காட்டுக்குள் டிரோன் விடுவது, சத்தம் போடுவது எல்லாம் கூடாது. சாலையோரம் நின்று வானத்தில் வட்டமிடும் பாறுகளைப் பாருங்கள். ஜன்னல் பலகை மாதிரி நேராக, அகலமான இறக்கை. நுனியில் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கமாட்டார்கள்.

17. எண்ணிக்கை கூடிருச்சுன்னு பேப்பர்ல போட்டாங்களே. அப்போ கவலை இல்லைதானே?

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநில வனத்துறையும் ஒரே நாட்களில் ஒரே நேரத்தில் எண்ணுகின்றன. 2023 டிசம்பர் கணக்கில் 320 பாறுகள். அவற்றில் 217 வெண்முதுகு, 50 செந்தலை, 47 கருங்கழுத்து, நான்கே நான்கு மஞ்சள்முகம். 2025 பிப்ரவரி கணக்கில் தென்னிந்தியாவில் 390. தமிழ்நாட்டில் மட்டும் 157.

நல்ல சேதிதான், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் முழு உண்மை தெரிய வேண்டும் என்றால் இரண்டைக் கவனியுங்கள். பாறு எல்லை பார்ப்பதில்லை. இன்று இங்கே எண்ணியது நாளை அங்கே இருக்கும். எண்ணுகிற இடங்களும் ஆட்களும் கூடினால் எண்ணிக்கையும் கூடும். அதோடு, 157 என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு பந்திக்குக்கூடப் போதாது. 5இல் சொன்ன ஒரு மாடு, இவற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒரே மதியத்தில் எடுத்துவிடலாம். அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2022இல் மாநில அளவில் பாறு பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள்.

18. திருக்கழுக்குன்றத்துக்குத் தினமும் ரெண்டு கழுகு வருமே, அது திரும்ப வருமா?

அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். காசியில் குளித்து ராமேசுவரத்தில் தரிசனம் முடித்து வருவதாக ஐதீகம். மதியம் மலை மேல் பாறையில் குருக்கள் பொங்கல் வைக்க, கூட்டம் கூடி நின்று பார்க்கும். 1990களின் கடைசியில் வருவது நின்றுபோனது. பெயரிலேயே கழுகை வைத்திருக்கும் ஊரில் கழுகு இல்லாமல் போனது எத்தனை பெரிய வெறுமை என்பது அங்கே போய் நின்றால் தெரியும். சுற்றுவட்டாரத்தில் மஞ்சள்முகப் பாறுகள் கூடு வைக்கும் அளவுக்கு மிஞ்சவில்லை. பக்கத்தில் இருந்தால்தானே வரும்?

ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று புள்ளிருக்குவேளூரையும் திருப்புட்குழியையும் கும்பிடுகிறோம். பள்ளிகளில் நான் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பேன். ராமனே மகனாக நின்று எரியூட்டிய பறவையின் சொந்தக்காரர்கள் இவர்கள் என்று சொன்னால், பெரியவர்களும் கேட்கிறார்கள்.

19. கீழ விழுந்து கிடக்கற பாறு கழுகைப் பார்த்தா என்ன பண்றது?

தண்ணீர் ஊற்றாதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். அலகு கூர்மையானது, பயந்தால் கடிக்கும், வாந்தியும் எடுக்கும். தூர நின்று நாயும் காக்கையும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்திருந்தால் இன்னும் முக்கியம். அந்த உடலைச் சோதித்தால்தான் எந்த மருந்து அல்லது எந்த விஷம் என்று தெரியும். புதைத்துவிடாதீர்கள். மின்கம்பிக்கு அடியில் கிடந்தால் கம்பத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள், அந்த இடத்தில் உறை போட்டுத் தரக் கேட்கலாம்.

20. நான் சென்னைல இருக்கேன், மாடும் இல்ல, காடும் இல்ல. என்னால என்ன ஆகும்?

ஊரில் அம்மா, அப்பா, சித்தப்பா யாராவது மாடு வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். 8இல் இருக்கும் மருந்தின் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மூட்டுவலிக்கு வாங்கின டைக்ளோஃபினாக் மிச்சம் இருந்தால் மாட்டுக்கு ஆகும் என்று ஊருக்கு அனுப்பாதீர்கள். இதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும், நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் இருந்தால், மாட்டுக்கென்று யார் வந்து கேட்டாலும் மனித டைக்ளோஃபினாக் ஊசியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் இன்னும் நல்லது. அவர் எழுதப்போகும் சீட்டுகளில் முதல் சீட்டிலிருந்தே மெலாக்சிகாம் இருக்கட்டும்.